நொச்சித் தண்ணிக்கு வந்த சட்டக் கடிதம்

என் கோபத்துக்கும் துஆவுக்கும் உரிய, கூடப்பிறந்த மூத்த காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்குப் பொம்பிளைகள் வருவதில்லை. வருகிற வழக்கம் இருந்திருந்தால் உங்கள் தலைமாட்டில் நின்றே கத்தியிருப்பேன், அக்கம் பக்கத்துக் கப்றுகளில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் ஆராய்ச்சி செய்த, நான் பதிவேடு எழுதுகிற நம்முடைய பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். வாசலில் பித்தளைத் தகடு பதித்து, உபவேந்தரே வந்து திறந்து வைப்பாராம். அந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தாருங்கள் என்று நீங்கள் எத்தனை கடிதம் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? தட்டச்சு செய்தது நான்தானே. ஒன்றுக்காவது பதில் வந்ததா?

உங்கள் நொச்சித் தண்ணியும் சந்தைக்கு வந்துவிட்டது காக்கா. கல்முனை பசாரில் மீன் வலை விற்கிற கடையில் பார்த்தேன். பச்சை மூடி போட்ட போத்தல், மேலே ஒரு இலையின் படம், வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒரு பொடியனின் படம். ‘பல்கலைக்கழக ஆராய்ச்சியில் இருந்து உங்கள் வீட்டுக்கு’ என்று எழுதியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அந்தப் போத்தலைக் கடைக்காரன் தலையில் உடைக்கலாமா என்றுதான் யோசனை வந்தது. அந்த மனுசன் என்ன செய்வான் பாவம்.

சந்தைக்கு வந்ததற்காக நான் கோபப்படவில்லை. ஆராய்ச்சி அலுமாரிக்குள் கிடந்து பூச்சி அரிப்பதைவிடக் கடைக்கு வருவது நல்லது என்று சொன்னவரே நீங்கள்தான். மாரி காலத்தில் வெயில் இல்லாமல் காயப்போட்டு விரித்த கீரிமீனில் ஒரு பொழுதுக்குள் ஈயும் இலையானும் மொய்த்துப் புழு வைத்துவிடும். அதற்குப் பயந்து சில இடங்களில் வயலுக்கு அடிக்கிற மருந்தையே கருவாட்டுக்கும் தெளித்தார்கள், நாமும் அதை வாங்கித் தின்றோம். நீங்கள்தான் நொச்சி இலையை அவித்து, கொறக்காப் புளியும் உப்பும் சேர்த்து, அதில் மீனை முக்கிக் காயவைத்தால் இலையான் கிட்ட வராது என்று கண்டுபிடித்தீர்கள். அது எல்லா வீட்டுக்கும் போகட்டும் என்றுதான் நானும் துஆ கேட்டேன்.

ஆனால் ஆட்களோடு சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டோமே, அந்தக் கதையை மறப்பேனா? பல்கலைக்கழகக் குழு கூடவில்லை, கூடினால் ஆள் போதவில்லை, ஆள் வந்தால் படிவம் பழையது. தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான். மாரி தொடங்கியதும் நீங்கள் பொறுக்கவில்லை. நொச்சித் தண்ணியைக் கேனில் ஊற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, பாலமுனைக் கரைக்குப் போய்விட்டீர்கள். நானும்தான் கூட வந்தேன்.

கருவாடு போடுகிற றகுமத்தும்மா அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது. “சேர், இதுக்குள்ள எங்கட ஊட்டுக்காரரையும் ஒருக்கா முக்கி எடுத்தா என்ன? தேத்தண்ணிக் கடையில இலையான் மாதிரி மொய்ச்சிக்கிட்டுக் கிடக்காரு.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் கேன் சரிந்தது. அந்த மாரி முடிவதற்குள் றகுமத்தும்மாவும் பக்கத்துப் பெண்களும் தாங்களாகவே நொச்சி அவிக்கப் பழகிவிட்டார்கள். புழு இல்லாத கருவாடு என்று பொத்துவிலில் இருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள்.

அனுமதி இல்லாமல் ஆய்வுகூடத்தில் இருந்து கேன் வெளியே போவதற்குப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று நான் கேட்டேன். “கெட்டுப்போச்சு, ஊத்தியாச்சு என்டு எழுது தங்கச்சி” என்றீர்கள். எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது நமக்கு ஒரு பகிடியாக இருந்தது.

பிறகு, இப்போது அதைப் போத்தலில் விற்கிற அந்தக் கம்பனியின் ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகமே கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள். நீங்கள் அவர்களைப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தீர்கள். உம்மா விடியலில் இருந்து அடுப்படியில் நின்றார். அதற்கு முந்திய நாள் நாம் இரண்டு பேரும் ஒரு தாள் தயாரித்திருந்தோம். இந்தக் கரையில் கருவாடு போடுகிற பெண்கள் இந்த முறையைத் தங்கள் தொழிலுக்கு என்றைக்கும் தடையில்லாமல் பாவிக்கலாம், கம்பனி அதில் தலையிடக் கூடாது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்தத் தாளை நான் கொண்டுவந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? சஹனைச் சுற்றி எல்லோரும் இருந்து ஒரே தட்டில் கை வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டி அடுப்படிக்குத் திருப்பி அனுப்பினீர்கள். பிறகு வந்து மெதுவாகச் சொன்னீர்கள்: “சோத்துல கை வெச்சிருக்கிற மனுசர்கிட்ட கையெழுத்துக் கேக்கிறதா? ஒரே சஹன்ல திண்டவன் துரோகம் செய்யமாட்டான் புள்ள.”

தாளில் இருந்ததை அவர்களிடம் வாயால் சொன்னீர்களாம். கம்பனி மனிதர் வட்டிலாப்பத்தை வழித்துக்கொண்டே, “அதெல்லாம் ஒரு விஷயமா சேர்?” என்றாராம்.

ஓம் காக்கா, அது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லைதான். நீங்கள் மௌத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள் பல்கலைக்கழகமும் கம்பனியும் கையெழுத்து வைத்துவிட்டன. காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. போன மாதம் றகுமத்தும்மாவின் வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்.

“என்ன புள்ள எழுதியிரிக்கி? சேர்ட பேருல ஏதும் உதவி தாறாங்களா?”

நொச்சி அவித்து மீனை முக்குவதை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. இதை எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

“நொச்சி என்ட வேலியில நிக்கி. அவிக்கிறது என்ட பானையில. இதுல அவங்கட சாமான் என்ன கிடக்கு?” என்றார். பிறகு, “சேர் ஏதும் எழுதி வெக்கல்லயா?” என்று கேட்டார்.

இல்லை. நீங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. உங்கள் மரியாதை உங்களோடு போய்விட்டது, கடிதம் றகுமத்தும்மாவுக்கு வந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கம்பனி மேல் வருகிற கோபத்தைவிடக் கூட. கள்ளன் களவெடுப்பான், அது அவன் தொழில். கதவைத் திறந்து வைத்து விருந்தும் கொடுத்தவரை என்ன சொல்வது?

ஒரு சட்டத்தரணியிடம் போனேன். கம்பனி விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தப் பெண்கள் இதைச் செய்துவந்தார்கள் என்று காட்டினால் அவர்களைத் தடுக்க முடியாது என்றார். எழுத்தில் ஆதாரம் கேட்டார். எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நொச்சித் தண்ணி ஆய்வுகூடத்தைவிட்டு வெளியே போகவே இல்லை, கெட்டுப்போய் ஊற்றப்பட்டது என்று என் கையெழுத்தோடு சொல்கிற பதிவேடு. கம்பனிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

அந்த நேரத்தில்தான் பீடாதிபதி வீட்டுக்கு வந்து பித்தளைத் தகட்டைப் பற்றிச் சொன்னார். குடும்பம் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். உங்கள் ஆராய்ச்சி முழுக்கப் பல்கலைக்கழகத்துக்குள்தான் நடந்தது, வெளியில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அந்தத் தாளை எடுக்காமல் இருக்கவில்லை காக்கா. தேத்தண்ணி வருவதற்கு முன்பே மேசையில் வைத்துவிட்டார். மரியாதை பார்க்காத மனுசர்தான் வேலையை முடிக்கிறார்கள்.

உம்மா கையெழுத்து வைக்கத் தயார். மகனின் பெயரைச் சுவரில் பார்க்க வேண்டும் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் மாட்டேன் என்று சொன்னேன். நான் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் உம்மாவிடம் சொன்னேன். நீங்கள் அனுமதி இல்லாமல் செய்தீர்கள் என்று ஆகும். நான் பொய்க் கணக்கு எழுதியவள் என்று ஆகும். என் வேலை போகலாம், உங்கள் தகடு நிச்சயம் போகும்.

“மௌத்தான புள்ளட பேரையும் கெடுக்கப் போறியா?” என்று கேட்டார் உம்மா. அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறார்.

உங்களை நல்லவராகவே வைத்திருக்க எனக்கும் ஆசைதான். நீங்கள் நல்லவர்தானே. ஆனால் உங்கள் நல்ல பெயருக்காக றகுமத்தும்மா அடுப்பை அணைக்க வேண்டும் என்றால், அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

சட்டத்தரணி கேட்ட எழுத்து ஆதாரமாக, நாளைக் காலை சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி கொடுக்கப் போகிறேன். எந்தெந்த நாள் கேன் போனது, யார் கொண்டுபோனது, யார் பொய் எழுதியது, எல்லாம் சொல்வேன். உங்கள் பிழையை ஒளிக்கமாட்டேன், என் பிழையையும் ஒளிக்கமாட்டேன். இது சத்தியம். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். மறுமையில் கண்டால் ஸலாம் சொன்ன கையோடு நானும் சண்டை பிடிப்பேன், விடமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்த,
இனி வைக்காத,
உங்கள் ஒரே தங்கச்சி.