நாலடி பின்னால் நடந்தவருக்கு

அந்த உத்தரவு வந்த அன்று உங்களிடம் நான் சொல்லாதது இதுதான்: மாற்றல் கேட்டு நீங்கள் போட்ட விண்ணப்பத்தை எழுதிய என் கைதான், உங்களை அனுப்ப வேண்டாம் என்று பெரியவர் போட்ட கடிதத்தையும் எழுதியது. இரண்டுக்கும் ஒரே மை. அந்தப் புட்டி இன்று காலியாகிறது. அடியில் மிஞ்சியதைச் சாய்த்துத் தொட்டு இதை எழுதுகிறேன்.

டில்லியில் பிரார்த்தனைக் கூட்டத்தில் அந்தக் கொலை நடந்த பிறகு, அரசியலை விட்டு ஒதுங்கிய தலைவர்களுக்கும் காவல் போட்டார்கள். பொம்மிடியில் பெரியவர் வீட்டுக்கு நீங்கள் ஏட்டாக வந்தது அப்படித்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. பத்திரிகை படித்துக் காட்டவும் கடிதம் எழுதவும் நான் இருந்தேன். ஒரு காலத்தில் அவர் முகம் பார்க்க ரயிலையே மறித்தவர்கள் ஜனங்கள். நீங்கள் வந்த சமயத்தில் மாதத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். பெரும்பாலும் வராதவர்களிடமிருந்துதான் அவரைக் காத்தீர்கள்.

வந்த நாலு பேரையும் நீங்கள் சும்மா விடவில்லை. "கும்பிட்டுக்கிட்டு வந்தவன்தானுங்க அங்க சுட்டான்" என்பீர்கள். அதனால் யார் கும்பிட்டாலும் கையைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே போகலாம். பாலக்கோட்டிலிருந்து கூடை மாம்பழத்தோடு வந்த விவசாயி ஒருவர் உங்களிடம் மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறது.

"ஏனுங்க, கும்பிடறதுகூடத் தப்புங்களா?"

"தப்பில்லீங்க. கும்பிட்டது போதும், பிரிங்க."

"கோயில்லகூட இப்படிக் கேட்டதில்லீங்களே!"

"சாமிக்கு ஏட்டு இல்லீங்க. ஐயாவுக்கு இருக்குது."

உள்ளேயிருந்து பெரியவர் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

பெரியவர் எழுந்தால் நீங்களும் எழுவீர்கள். அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை எழுவார். ஜன்னல்வரை போவார், திரும்பி வந்து உட்காருவார். வருகிறவர்கள் கண்ணில் துப்பாக்கி படக்கூடாது என்று அவர் சொன்னதால் கோடையிலும் உங்களுக்குச் சட்டைக்கு மேல் கோட்டு. பொழுது சாய்ந்ததும் உங்கள் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவீர்கள். வீங்கிய காலில் கட்டைவிரலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே அதைப் பார்த்திருக்கிறேன்.

"புஸ்தகத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் காவல் யாருங்க அம்மிணி?" என்று ஒருநாள் கேட்டீர்கள். அடுத்த மூச்சில் விஷயத்துக்கு வந்தீர்கள். "தருமபுரி போலீஸ் ஸ்டோர்ல உக்காந்து செய்யற வேலையா ஒண்ணு கேட்டு இங்கிலீசுல எழுதிக் குடுங்க. உக்காந்தா இந்த மூச்சு வாங்கறது நிக்குமுன்னு டாக்டர் சொல்றாரு. வூடும் அங்கதான், வத்தல்மலை அடிவாரத்துல." எழுதிக் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொல்லி, புரியாத பாஷையைக் கைகட்டிக்கொண்டு கேட்டீர்கள்.

மறுமாதம், உங்களை விடுவிக்கலாமா என்று பெரியவரிடம் அபிப்பிராயம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இவர் இல்லாமல் எனக்குப் பாதுகாப்பு இல்லை' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது.

"எழுதும்மா" என்றார். பிறகு தணிந்த குரலில், "நான் எந்திரிச்சா எந்திரிக்கறதுக்கு அவர் ஒருத்தர்தான் மிச்சம்" என்றார்.

அவர்மேலும் எனக்கு இரக்கம்தான் வந்தது. எழுதிவிட்டேன். உங்கள் கால் வீக்கம் அவருக்குத் தெரியாது, கண் மங்கியவர். எனக்குத் தெரியும். அதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

விண்ணப்பம் தள்ளுபடியானதாக உத்தரவு வந்தது. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தீர்கள். "ஐயாவே என்னைய வேணுமுன்னு கேட்டிருக்காராமுங்க. நெசமுங்களா அம்மிணி?"

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"பெருமையாத்தான் இருக்குதுங்க. காலுதான் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனீர்கள்.

பங்குனியில் ஒரு காலை, வழக்கம்போல் பெரியவர் ரயில்வே கேட்டுவரை நடக்கப் போனார். வழக்கம்போல் நீங்கள் நாலடி பின்னால். பாதி வழியில் விழுந்துவிட்டீர்கள். அவருக்குத் தெரியவில்லை. உங்களிடம் பேசிக்கொண்டே கேட்டுவரை போயிருக்கிறார். கேட் கீப்பர்தான், "யாருகிட்டப் பேசறீங்க சாமி?" என்று கேட்டாராம். அவர் திரும்பி வந்தபோது உங்கள் மூச்சு அடங்கியிருந்தது.

பெட்டியை எடுத்துப்போக உங்கள் வீட்டம்மா வந்தார். வாசலில் நின்று கும்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். நீங்கள் பழக்கிவிட்டுப் போனது, இன்றும் விடவில்லை. யாரும் கேட்காமலே அவர் இரண்டு கைகளையும் பிரித்து என் முன்னே விரித்துக் காட்டினார்.

"இந்த வூட்டுக்குள்ள வரணுமுன்னா கையக் காட்டணுமுன்னு அவரு சொல்லியிருக்காருங்க."

பெட்டியை அவர் தலைக்குத் தூக்கிவிட்டேன். ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வேறொரு ஏட்டு வந்து சேர்ந்தார். பெரியவர் எழுந்தார். அவரும் எழுந்தார்.