புளியடி வளவின் சீதன உறுதி

சாவகச்சேரி,
ஆவணி 12, 1936.

சந்நிதி முருகன் துணை.

அன்புள்ள மகன் கதிரவேலுவுக்கு, உன் தாயாரும் நானும் சுகம், எண்ணெய் ஆலையும் நிற்காமல் ஓடுகிறது. மலாயாவில் நீ சுகமென்று உன் கையெழுத்தில் கண்டால் இன்னும் சுகமாயிருப்போம். போன கடிதத்தில் ஒன்றை உனக்கு மறைத்தேன். இப்போது பாரம் இறங்கிவிட்டதால் சொல்கிறேன், சிரிக்காதே.

உன் தங்கை பாலேஸ்வரியின் கலியாணத்தன்று சுபநேரம் தப்புகிறதென்று ஐயர் அவசரப்படுத்த, நொத்தாரிசு எழுதி நீட்டிய சீதன உறுதிப் பத்திரத்தை வாசிக்காமலே கையொப்பம் வைத்தேன். அவர் பழைய உறுதியைப் பார்த்துப் புளியடி வளவு முழுவதையும் எழுதியிருக்கிறார். ஆலை தொடங்கிய கையோடு உன் பாட்டனார் ஏழைப் பெண்களுக்கென்று கட்டிய பிள்ளைப்பேற்று விடுதி அதே வளவின் மூலையில் நிற்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. போன மாதம் மருமகன் இராசநாயகம் காணியை அளப்பித்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் புகையிலை வியாபாரக் குடும்பமல்லவா, விடுதியை இடித்துப் புகையிலை அடுக்கி வைக்கக் கிட்டங்கி கட்டப் போகிறார்கள் என்று சந்தையெல்லாம் கதை. விடுதி மருத்துவிச்சி கத்தரீனா வந்து அழுதாள். காணி பாலேஸ்வரியின் பேரில்தான், ஆனால் புருஷன் சம்மதமில்லாமல் அவள் என்ன செய்வாள்? கொடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேட்க நான் எந்த முகத்தோடு போவேன்? உன் தாயார் பதினைந்து நாள் என்னோடு கதைக்கவில்லை, சோறு மட்டும் வந்தது.

நேற்று இராசநாயகத்தின் தாயார் சின்னாச்சி தானாகவே வந்தார். வெற்றிலையைக்கூடத் தொடாமல், நின்றபடியே உன் தாயாரிடம் சொன்னார்: "என்ரை மகன் பிறந்ததே உங்கடை உந்தத் தரும விடுதியிலைதான். வெட்கத்திலை இவ்வளவு நாளும் அவனுக்கும் சொல்லேல்லை. அதிலை நாங்கள் கை வைப்பமோ?" விடுதி நிற்கும் துண்டைப் பாலேஸ்வரி தருமத்துக்கு எழுதிக் கொடுக்க, மருமகனும் சேர்ந்து கையொப்பம் வைப்பாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆலைக்குப் போவதாகச் சொல்லி எழும்பினேன். சின்னாச்சி என்னை விடவில்லை. பாலேஸ்வரிக்கு இது ஏழாம் மாதம், பேறு பார்க்க வீட்டுக்கே டாக்குத்தரை அழைக்க நான் ஒழுங்கு செய்திருந்தேன். அது வேண்டாமாம். "என்ரை பேரப்பிள்ளையும் அங்கைதான் பிறக்கவேணும்" என்றார். உன் தாயார் உடனே ஓம் என்று சம்மதித்துவிட்டாள். முப்பது வருடமாக நடத்துகிறோம், எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அங்கே பிறந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். மறவாமல் அடுத்த கப்பலில் விடுதிக்குக் கட்டில் விரிப்புகள் அனுப்பு. தங்கைக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம், பன்னிரண்டு கட்டிலுக்கும் ஒரே மாதிரி வாங்கு.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
ஏ. நமசிவாயம்