மலைச் செடிக் குடிநீர்

ஜனவரி 16, 2025, வியாழன்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வெளியே மைனஸ் இருபது. செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் எனக்கு வியர்வை. பொலிவிய மலையிலிருந்து வந்த புரோமெலியாட்டுகளுக்கு இலைக் குழிக்குள் தண்ணீர் விடவேண்டும், வேரில் அல்ல. அன்னாசிக்குச் சொந்தக்காரி என்கிறார்கள். பழம் கிடையாது, முள்தான்.

என்னோடு வேலை செய்யும் றோசா அந்த மலைக்காரி. தங்கள் பக்கம் இதன் இலையை அவித்து, மாறாத இருமலுக்குக் கொடுப்பார்களாம்.

மாறாத இருமல் என் வீட்டிலும் இருக்கிறது. என் மனுசன் மரியதாசனுக்கு இது நான்காவது மாதம். டோர்வல் விமான நிலையத்தில் வெளியே நின்று பெட்டி ஏற்றுகிற வேலை, அந்தக் குளிர்தான் காரணம் என்று சாதிக்கிறார். பெப்ரவரி 4ஆம் திகதி எக்ஸ்ரேக்கு நாள் எடுத்திருக்கிறேன். இந்த மனுசனை எப்படி இழுத்துக்கொண்டு போவேனோ.

ஜனவரி 21, செவ்வாய்

அந்தச் செடியை ஆராய்கிற ஹென்றியிடம் கேட்டேன். "குணமாக்குமா என்று தெரியாது, செலீன். அதைத்தான் பார்க்கிறோம். யாரும் குடிக்கவேண்டாம்," என்றார். படித்தவர்களுக்கு எதைக் கேட்டாலும் தெரியாது.

மூன்று இலை வெட்டிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். களவுதான். வீட்டில் இஞ்சி, மிளகு, உள்ளி போட்டு, எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்தேன். றோசா அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த குடிநீர் அப்படித்தான். களவாக வெட்டியது என்றதும் மரியதாசன் சிரித்தார். முகத்தைச் சுளித்துக் குடித்து முடித்தார்.

ஜனவரி 25, சனி

இருமல் குறைந்திருக்கிறது.

பெப்ரவரி 2, ஞாயிறு

ஒரு கிழமையாக வீட்டில் இருமல் சத்தமே இல்லை. வேலையால் அவர் வரத்தான் பிந்துகிறது, பஸ் சரியில்லையாம்.

"உன்ரை குடிநீர்தான். இனி எக்ஸ்ரே ஏன்?" என்றார்.

நானே போன் எடுத்து அந்த நாளை ரத்துச் செய்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அவருடைய வேலைப் பைக்குள் வாய் துடைத்த நான்கு கைலேஞ்சி. நாலிலும் இரத்தம்.

"வீட்டை வரமுன்னம் கீழ்ப்படியிலை நிண்டு இருமி முடிச்சிட்டுத்தான் வாறனான்," என்றார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எனக்காகக் களவெடுத்தனி. அது வேலை செய்யேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

ஆறு கிழமை. நான் ரத்துச் செய்த அந்த எக்ஸ்ரே நாளிலிருந்து சரியாக ஆறு கிழமை — என்ன செய்துபோட்டன், மாதாவே.

ஏப்ரல் 9, புதன்

நுரையீரலில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. முந்தி வந்திருந்தால்? டாக்குத்தர், சொல்லமுடியாது என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

ஹென்றியிடமும் போய் ஒப்புக்கொண்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. எத்தனை இலை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதினார். "இருமல் குறைந்ததா?"

இல்லை என்றேன். என் மனுசன் எனக்காக அடக்கிக்கொண்டார் என்றேன். அதை அவர் எழுதவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கத்தின் நடுவில் அவருக்கு இருமல் வந்தது. வெளியே போக எழும்பினார். கையைப் பிடித்து இருத்தினேன்.

"இதிலையே இருமுங்கோ," என்றேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. அவர் இருமி முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.