பிரிக்காத இன்னொரு பொட்டலம்

என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் நல்ல சேதி. நிகழ்தகவுப் பேப்பரில் பாஸாகிவிட்டேன்! நீ எங்களை விட்டுப் போன செமஸ்டரில் நான் கோட்டைவிட்ட, அடுத்த தடவையும் என் காலை வாரிவிட்ட அதே பேப்பர்தான். நீ இருந்திருந்தால் கோட்டையூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் அது என்ன பாடம் என்று கேட்டிருப்பாய்.

செல்போனில் பேசும்போது குறுக்கே கரகரவென்று இரைச்சல் வருமே, அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடலாம். அதுதான் பாடம். திருதிருவென்று முழித்த எனக்குக் கைகொடுத்தது நம் வீட்டுப் பழக்கம்தான் அம்மா. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போமே! ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்னை இன்ஜினியரிங் சேர்க்க அப்பா தயங்கியபோதும் அப்படித்தானே முடிவு செய்தீர்கள்?

இதைச் சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எது பாதி? ரெண்டுலயும் வெள்ள நந்தியாவட்டைய வச்சுத்தேன் ஒங்கம்மா கட்டுச்சு. நாந்தேன் பறிச்சுக் குடுத்தேன்!"

அடி கள்ளி! சாமியிடமேவா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. டவர் சிக்னலைச் சரிபார்க்கிற வேலை. அப்பாவுக்கு மறுபடியும் தயக்கம். "ஒங்கம்மாவும் இல்ல. ஒத்தையில எப்புடி அனுப்புறது? பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். பொட்டலம் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இவ்வளவு படித்தவள் பாதி வாய்ப்பை நம்பி உட்கார்ந்திருப்பேனா? உன் கணக்கையே போட்டேன்.

அப்பா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நான் அவசர அவசரமாக மற்றதை எடுத்து மறைக்கப் போனேன்.

"பதறாத ஆத்தா" என்றார். "அத அப்புடியே ஊருணில போட்டுட்டு வா. ஒங்கம்மா கட்டுனப்பவும் நான் இன்னொண்ணப் பிரிக்கலையே."

அன்றைக்கே தெரியுமா அவருக்கு? உன்னிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

திங்கட்கிழமை கிளம்புகிறேன் அம்மா. அப்பாவுக்குத் தினமும் போன் செய்வேன். எவ்வளவு இரைச்சல் வந்தாலும் அவர் குரலைப் பிரித்துக் கேட்டுவிடுவேன். அதற்குத்தானே படித்தேன்?

உன் கள்ளக்கணக்கில் இன்ஜினியரான மகள்,
மீனா