கை நனைக்காத ஞாயிறு

ஆவணி 4, வியாழன்
காலையில் தூறல். எடை 96.2. இரண்டு வாரத்தில் ஒன்றே முக்கால் கிலோ போயிருக்கிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை, தொப்பை அங்கேயேதான்.

கல்லீரலில் கொழுப்பு. அதனால் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்தேன். இட்லி 2. மதியம் ஒரு கப் சோறு, கீரை. இரவு கொள்ளு, மோர். டாக்டரம்மா சொன்னது: "குடலுக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் குடியிருக்குதுங்க. நீங்க இளைச்சா அதுகளும் மாறுதான்னு பாக்கறோம்." செவ்வாயன்று மலம், டப்பாவில். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம்.

ஆவணி 7, ஞாயிறு
நல்ல வெயில். மகள் சௌமியாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்கு, கிணத்துக்கடவு. நானும் மைத்துனன் செல்வராசும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்துப்போனது. எனக்கும் திருப்தி.

இலை போட்டார்கள். அரிசியும் பருப்புஞ்சோறு, நெய், ஒப்புட்டு என்கிற போளி. "எனக்குச் சாப்பாடே வேண்டாங்க" என்றேன். சம்பந்தி வீட்டில் டப்பா கதையை எப்படிச் சொல்வது? செல்வராசு தொடையில் கிள்ளினான். எறும்பென்று தட்டிவிட்டேன். பையனின் அம்மா நெய்க்கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார். நாவை அடக்கிய பெருமையில் திரும்பினேன்.

வீட்டில் மனைவி சரசு: "ஏனுங்க, பொண்ணு குடுக்க இஷ்டமில்லாதவங்கதான் கை நனைக்காம எந்திரிப்பாங்க! நாலு கல்யாணம் பேசி முடிச்ச மனுசனுக்கு இது தெரியாதுங்களா?"
தெரியும். பசியில் மறந்துவிட்டது.

ஆவணி 9, செவ்வாய்
டப்பா கொடுத்தாயிற்று. கிணத்துக்கடவிலிருந்து போன் இல்லை. செல்வராசு: "மாமா, அவங்க வேற எடம் பாக்கறாங்களாமா."
சௌமியா திட்டினால் தேவலை. தட்டில் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். டயட் எனக்கு, இளைப்பது அவள்.

ஆவணி 10, புதன்
நானே போன் போட்டேன். எடை, கல்லீரல், டப்பா, எதையும் விடவில்லை. பையனின் அப்பா: "அட, அன்னைக்கே சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே! சோத்துல என்ன கொறைன்னு மூணு நாளா எங்கூட்டு அம்மணி அழுதுட்டிருக்கறா. ஞாயித்துக்கெழம வாங்க."

சௌமியா இரவு மூன்று தோசை. எண்ணினேன்.

ஆவணி 14, ஞாயிறு
மறுபடி கிணத்துக்கடவு, இந்த முறை சரசுவும். இலையில் கீரை, கொள்ளுப்பருப்பு, ஒரே கரண்டி சோறு. விசாரித்துச் சமைத்திருக்கிறார்கள். அந்தம்மா நெய்யோடு தள்ளியே நின்றார். "ஒரு சொட்டு ஊத்தட்டுங்களாண்ணா?"
"நல்லா ஊத்துங்க தங்கச்சி. அந்த ஒப்புட்டும் வரட்டும்."
சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆவணி 16, செவ்வாய்
மேகமூட்டம். எடை 96.9. டாக்டரம்மா சாப்பாட்டு நோட்டைப் புரட்டினார். ஞாயிறு மதியம்: கீரை, கொள்ளு, சோறு, நெய் 3 கரண்டி, ஒப்புட்டு 2, நிச்சயதார்த்தம் ஐப்பசியில்.
"ஒப்புட்டு ரெண்டுதானுங்களா?"
பேனா கேட்டு வாங்கினேன். 5.