கோடு விட்டுப்போன வரி

12 ஆகஸ்ட் 1988, வெள்ளி. ஸ்ரீரங்கம்.

வெள்ளிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் சென்டரில் டிஸ்க்கைச் சுத்தம் செய்வோம். வேண்டிய ஃபைலுக்கு R என்று பூட்டுப் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒரே கட்டளையில் அழிப்போம். பூட்டுவது நான் C மொழியில் எழுதிய புரோகிராம். எழுத்தைக் கொடுத்தால் ஃபைலின் ஃப்ளாக்காக, அதாவது ஃபைலோடு ஒட்டியிருக்கும் அடையாளக் குறியாக, மாற்றும். ஃப்ளாக்கை எழுத்தாகவும் காட்டும்.

இன்று பக்கத்து மேஜை ஸ்டெல்லாவின் லைப்ரரிப் பட்டியல் அழிந்துவிட்டது. ஐந்து நாள் தட்டியது.

"R போட மறந்துட்டீங்களா?" என்றார் சென்டரை நடத்தும் சார்.

"போட்ட ஞாபகம் சார். மறந்திருப்பேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே ரெண்டு தரம் பார்த்துக்கோ," என்று நான் வேறு சொன்னேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோதுதான் உறைத்தது. இன்னும் பேக்கப் எடுக்கவில்லை என்று காட்ட, அவள் R-உடன் A-யும் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிரிண்ட்அவுட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு எழுத்தும் முந்தியதோடு சேர வேண்டும். அதற்குச் சமக்குறிக்கு முன்னால் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். அது இல்லை. A வந்து உட்கார்ந்ததும் R போய்விட்டது. ஒற்றை எழுத்தாகவே சோதித்துப் பார்த்து, சரி என்று விட்டிருக்கிறேன். மடச்சி.

கோட்டைப் பேனாவால் போட்டாயிற்று. நாளை மெஷினில் திருத்துவது இரண்டாவது வேலை. பட்டியலையும் நானே தட்டித் தருவேன், எத்தனை நாளானாலும். சார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். முதலில் அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: "நீ மறக்கலை, ஸ்டெல்லா. நீ பூட்டித்தான் வச்சிருந்தே. நான்தான் திறந்துவிட்டேன்."