வன்னியம்பட்டிக்குப் போய்வந்தேன்

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

ரோஷன் அப்பாவுக்கு எப்சி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் சுகமாக இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். நேரத்துக்குச் சாப்பிடவாவது செய்யுங்கள்.

புனலூர் மரக்கடையில் உங்களைப் பார்த்ததாக சதீஷ் தம்பி சொன்னார். நீங்கள் போனை அணைத்துப் பதினெட்டு நாளாகிறது. அதனால் அவருடைய லாரியிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இடித்த ஆள் சாகவில்லை.

லோடு ஏற்றிப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியாச்சு, கிருஷ்ணன்கோவிலில் டீ குடிக்கிறேன், கல்லுப்பட்டி வந்தாச்சு என்று ஊர் ஊராகப் போனில் சொல்லுவீர்கள். மதுரை ரோட்டு ஊரெல்லாம் எனக்கு உங்கள் குரலில்தான் பழக்கம். இப்போது போன் அடித்தால் ஓனர், இல்லாவிட்டால் போலீஸ். நீங்களாக வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சரணடைந்தால் வக்கீல் வைப்பதாக ஓனர் சொல்கிறார்.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வன்னியம்பட்டிக்கு பஸ் ஏறினேன். நீங்கள் இடித்தவர் பேர் பால்சாமி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தோட்டம். கடக்காமல் அவர்களுக்கு ஒரு நாளும் முடியாது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாதாம்.

நான் இன்னாரென்று சொல்லத்தான் போனேன். கையில் இருந்த பைபிளைப் பார்த்துவிட்டு, ஜெபம் பண்ண வந்த சபைக்கார அக்கா என்று நினைத்துப் பாய் விரித்தார்கள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி நீங்கள் மட்டுமில்லை.

யாரோ ஒருவர் அழுதுகொண்டே 108-க்குப் போன் பண்ணி இடம் சொன்னாராம். ஆம்புலன்ஸ்காரர்கள் பால்சாமி மனைவி பாண்டிசெல்வியிடம் சொல்லியிருக்கிறார்கள். "செத்த நேரம் பிந்தியிருந்தா அவிய இல்லைக்கா. அந்த மகராசனுக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க. இடிச்சிட்டு ஓடினவன் மட்டும் நல்லாவே இருக்கக் கூடாது" என்றாள்.

கிருஷ்ணன்கோவிலில் நிறுத்தி 108-க்குச் சொல்லிவிட்டுத்தானே எனக்கும் சொன்னீர்கள். நான் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினேன். அழுகைதான் வந்தது. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வீட்டில் ஒரே ஆளை வாழ்த்தவும் செய்கிறார்கள், சபிக்கவும் செய்கிறார்கள். இடித்தது நீங்கள் என்று கோர்ட்டிலேயே தெரிந்துவிடும். போன் பண்ணியதும் நீங்கள்தான் என்று நான் சொன்னால், புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்பார்கள். அதை அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்வோம். நான் பக்கத்தில் நிற்பேன். என் பொய்யையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்த்தர் உங்கள் பயத்தை எடுத்துப்போடட்டும். சதீஷ் தம்பி புதன்கிழமை திரும்புகிறார். அந்த லாரியிலேயே ஏறிவிடுங்கள்.

உங்கள்,
எப்சி.